மரகதப் புத்தருக்கு ஒரு ஜாடி பாடேக்

முட்டை அவிக்க என் அறையில் ஒரு ரைஸ் குக்கர்தான் இருந்தது. அதில் ஈட்டுக்குப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் போகாது. அம்மா கொண்டுவந்தது தொண்ணூற்றொன்பது.

வடகிழக்கே ரோய் எட் என்ற எங்கள் ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி விடிகாலை ஐந்து மணிக்குப் பாங்காக்கில் இறங்கியவள், ஒரு கையில் உமி நிரப்பிய பிளாஸ்டிக் வாளி, மறு கையில் துணியால் வாய்கட்டிய ஜாடி என்று என் அறை வாசலில் நின்றாள். உமிக்குள் முட்டை. ஜாடிக்குள் பாடேக். ஆற்று மீனை உப்பும் தவிடும் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்தால் அது பாடேக். எங்கள் ஊரில் அது இல்லாமல் எந்தச் சட்டியும் அடுப்பில் ஏறாது. பாங்காக்கில் பெயரைச் சொன்னாலே மூக்கைப் பிடிப்பார்கள். என் அறையின் வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை, பாடேக் மூன்றும் கூடாது என்று எழுதியே இருக்கிறது.

"வழியில ஒண்ணுகூட உடையலயா?" என்றேன்.

"உடையாது."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றே?"

"அவருக்குன்னு எண்ணி எடுத்தது. எப்படிடி உடையும்?"

அவர் என்றால் மரகதப் புத்தர். அரண்மனை வளாகத்துக்குள் கோயில்கொண்டிருப்பவர். 'ஏ லா, நீ பட்டம் வாங்கணும்னு உங்கம்மா மரகதப் புத்தருக்கு வேண்டிக்கிட்டிருக்கா, நீதான் உன் கையால படைக்கணுமாம்' என்று சித்தி போனில் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. நான் இழுத்தடித்தேன். அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் டாக்ஸியிலிருந்து விழுந்து முழங்காலில் ஆறு தையல் விழுந்தது. பட்டம் வாங்கிப் பதினோரு மாதமாகியும் நேர்த்திக்கடனைச் செலுத்தாததால்தான் விழுந்தேன் என்றாள் அம்மா. ஓட்டினவன் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியதால் விழுந்தேன் என்றேன் நான். "அவன ஏன் அந்த நேரத்துல போனப் பாக்க வச்சாரு?" என்று கேட்டாள். இவளிடம் என்ன பேசுவது?

எனக்குக் கோபம். மறைக்கவில்லை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். நாலு வருடம் ஒரு கோழி வறுக்கும் கடையில் சாயங்காலம் தட்டு கழுவி, கையில் எண்ணெய் வாடையோடு வரலாறு படித்தேன். பரீட்சைக்கு முதல் நாள்கூட லீவு கிடையாது. அந்த நாலு வருடமும் அவர் என்ன செய்தார்? பருவத்துக்கு ஒன்றாக வருடத்துக்கு மூன்று முறை ராஜா வந்து உடுப்பு மாற்றிவிட, சும்மா உட்கார்ந்திருந்தார். எழுதியது நான், தேறியது நான். முட்டை அவருக்கா?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. என் வேலையே அந்த அரண்மனையில்தான். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாரத்துக்கு ஆறு நாள் அதே வாசலில் நுழைந்து, அதே தூணுக்கு அடியில் நின்று, அதே வாக்கியங்களை ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் வழிகாட்டி நான். கிடைக்கிற ஒரே ஒரு விடுமுறை நாளிலும் அங்கேயே போக வேண்டுமாம்.

ஆறாவது ஈடு முட்டை வெந்தபோது பக்கத்து அறையிலிருந்து சுவரை யாரோ குத்தினார்கள். யாரோ என்ன, நியாம் அக்காதான். ராத்திரியெல்லாம் சலவைக் கம்பெனியில் துணி பிழிந்துவிட்டு விடிந்ததும் தூங்குகிறவள்.

"என்னடி செத்துப்போச்சு அங்க?" என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கத்தினாள்.

"எங்கம்மா வந்திருக்காங்க, அக்கா!"

உடனே குரல் மாறியது: "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா? ஜன்னலத் திறந்து வச்சுக்குங்க!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் எரிச்சலில் கைக்கு எட்டிய ஒரு முட்டையை உரித்து, உப்புகூடத் தொடாமல் இரண்டே வாயில் விழுங்கிவிட்டேன். வேண்டுமென்று செய்தேனா, பசியில் செய்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். "அடிப்பாவி."

"என்ன?"

"அது அவரோடதுடி. தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லியிருக்கேன். இப்ப தொண்ணூத்தெட்டு."

"எண்ணியா பாக்கப் போறாரு?"

"நீ எண்ணமாட்டியா? நூறு மார்க்குக்கு ஒண்ணு குறைச்சுப் போட்டா நீ விடுவியா?"

நான் அடுத்த ஈட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

கிளம்பும்போது நான் முழங்காலில் கிழிசல் வைத்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு அரண்மனைக்குள் போக முடியாது. தினமும் காலையில் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து அந்த விதியைச் சொல்கிறவளே நான்தான். உள்ளே விடமாட்டார்கள், அம்மா மட்டும் போய்ப் படைத்துவிட்டு வரட்டும், நான் வெளியே ஐஸ் காபி குடிக்கலாம் என்பது என் கணக்கு. அம்மா என் கால்களைப் பார்த்தாள். திட்டாமல் அவித்த முட்டைகளை உமிக்குள் திரும்ப அடுக்கினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படகில் போனோம். மழைக்காலத்து ஆறு செம்மண் நிறத்தில் ஆகாயத்தாமரையைச் சுமந்துகொண்டு வேகமாக ஓடியது. அம்மா ஜாடியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள். இரண்டாவது துறை வருவதற்குள் எங்களைச் சுற்றி நாலு இருக்கை காலியாகிவிட்டது. இஸ்திரி போட்ட சட்டைக்காரி ஒருத்தி மூக்கில் தைலப் புட்டியை வைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.

"நல்ல ஊருடி. வயசானவளுக்கு எவ்வளவு எடம் விடுறாங்க பாரு," என்றாள் அம்மா. நிஜமாகச் சொன்னாளா, குத்தலா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

துறையில் இறங்கி வெள்ளை மதிலை ஒட்டி நடந்தோம். அங்கே எப்போதும் நிற்கிற ஆட்களில் ஒருவன் எங்கள் வழியை மறித்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் வரைபடம். அகலத் தொப்பி, செருப்புக்குள் காலுறை என்று வந்த அம்மாவை அவன் வெளிநாட்டுக்காரி என்று நினைத்துவிட்டான்.

"மேடம்! மேடம்! பேலஸ் டுடே குளோஸ்! பிக் பூஜை! நோ ஓப்பன்! யூ கோ டுக் டுக், சீ லக்கி புத்தா, ஜெம் ஷாப்!"

நாளுக்கு நூறு பேரை இப்படிப் பொய் சொல்லி வண்டியில் ஏற்றிக் கல் கடைக்கு அனுப்புகிற ஆள். வேலை நாளில் என் கூட்டத்தை நெருங்கினால் கிழித்துவிடுவேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொப்பியை மேலே தள்ளிவிட்டு எங்கள் வடகிழக்கு லாவோ பேச்சில் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா டேய், யாருடா உனக்கு மேடம்? பத்து மணி நேரம் பஸ்ஸுல உக்காந்து வந்திருக்கேன், மூடிட்டாங்கங்கறே? உன் வாய மூடு மொதல்ல."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவனும் அதே பேச்சுக்காரன்.

"ஐயோ பெரியம்மா! எந்த ஊரு?"

"ரோய் எட்."

"நான் கலாசின்! பக்கத்துலதானே! பேரு புன்மி." கையைக் கூப்பினான். மூக்கைச் சுளிக்காமல், காற்றை ஆழமாக இழுத்து மோந்தான். "பாடேக்கா? எத்தன மாசம்?"

"ஒம்பது."

"அடேயப்பா." புன்மி ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டான். "நேர்த்தியா பெரியம்மா?"

"ஆமா. என் மக பட்டம் வாங்கினா. இவதான். தொண்ணூத்தொம்பது முட்டை சொன்னேன். கழுத, காலையில ஒண்ணத் தின்னுட்டா."

புன்மி என்னைப் பார்த்தான். எத்தனை முறை நான் அவனை விரட்டியிருக்கிறேன் என்பது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. அப்படியும் மதிலோரம் மாட்டியிருந்த பையிலிருந்து தன் காலைச் சாப்பாட்டை எடுத்தான். ஒட்டரிசி, மிளகாய்த் துவையல், ஒரு அவித்த முட்டை. முட்டையை எடுத்து இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினான்.

"நீ என்ன சாப்பிடுவே?"

"துவையல் இருக்கே. வச்சுக்குங்க பெரியம்மா. முழு முட்டைதான், இன்னும் உரிக்கல."

"ஊரை ஏமாத்துறவன் முட்டை செல்லுமா?" என்றேன் நான்.

"தங்கச்சி," என்றான் புன்மி, கோபமே இல்லாமல், "முட்டை ஏமாத்தல இல்ல?"

வாசலில் நான் நினைத்ததுதான் நடந்தது. காவலர் என் முழங்காலைக் காட்டி மரியாதையாகத் தலையை ஆட்டினார். நான் ரொம்ப வருத்தப்படுகிறவள் மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் வாளியின் உமியில் கையை விட்டு, அடியில் சுருட்டி வைத்த ஒரு சுற்றுப் பாவாடையை உருவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலயே எடுத்து வச்சிட்டியா?"

"ஊர்லயே எடுத்து வச்சேன். உன்னப் பெத்தவ நானா, நீயா?"

ஜீன்ஸின் மேலேயே அதைச் சுற்றிவிட்டு இடுப்பில் இறுக்கினாள். உமி ஒட்டிக்கொண்டு இடுப்பெல்லாம் அரித்தது. அடையாள அட்டையைக் காட்டி, உள்ளூர்க்காரர் வாசல் வழியாக நுழைந்தோம். அந்த வழியாக நான் போனது அதுவே முதல் முறை. வேலை நாளில் டிக்கெட் வரிசைப் பக்கம்தான் என் பாதை.

உள்ளே தங்கம் வெயிலில் கண்ணைக் குத்தியது. அம்மா எதையும் நின்று பார்க்கவில்லை. பச்சைமுகத்து யட்சன் சிலைகளைக் கடந்து, கண்ணாடிச் சில்லு பதித்த தூண்களைக் கடந்து, சந்தைக்குப் போகிறவள் மாதிரி விறுவிறுவென்று நடந்தாள். இந்த இடத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவேன் நான். அவளுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டியிருக்கவில்லை.

சன்னிதிக்குள் சாப்பாட்டைக் கொண்டுபோகக் கூடாது. எதிரே முற்றத்தில் படையல் மேடை இருக்கிறது. ஊதுவத்தி, தாமரை மொட்டு, மெழுகுவத்தி எல்லாம் அங்கேதான். அம்மா மூங்கில் தட்டுகளில் முட்டைகளை அடுக்கினாள். புன்மியின் முட்டை பழுப்பு நிறத்தில் தனியாகத் தெரிந்தது. அதை நடுவில் வைத்தாள். ஜாடியின் கட்டை அவிழ்க்கப் போனபோது மேடையைப் பார்த்துக்கொள்கிற பெண் ஓடிவந்தாள்.

"அம்மா, அம்மா, வாயத் திறக்காதீங்க. மூடியே வச்சிடுங்க."

"மூடி வச்சா எப்படிம்மா சாப்பிடுவாரு?"

"ஜனம் நிக்குதே."

"ஒரு விரல் அளவு?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஒரு விரல்தான். நான் பாக்கல."

அம்மா துணியை ஒரு விரல் அளவுக்குத் தளர்த்தினாள். ஒன்பது மாத வாடை ஊதுவத்திப் புகையைப் பிளந்துகொண்டு எழுந்தது. பிறகு மூன்று வத்தியைப் பற்றவைத்து என்னிடம் நீட்டினாள்.

"ம். மண்டி போட்டுச் சொல்லு. பட்டம் வாங்கிட்டேன், சொன்னபடி கொண்டுவந்திருக்கேன்னு."

நான் வாங்கவில்லை. "என் பட்டத்துக்கு நான் யாருக்கும் கூலி குடுக்கமாட்டேன்."

"லா."

"நாலு வருஷம் தட்டு கழுவினது யாரு? சொல்லு."

"வத்தி எரியுதுடி."

"எரியட்டும். நீயே வை."

"உன் கையாலன்னு சொல்லியிருக்கேன். நான் வச்சா ஆகாது." அவள் குரல் தாழ்ந்தது. "அடுத்த தடவை முழங்கால் இல்ல, தலையில பட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அந்த நேரம் பார்த்து ஒரு கொடி எங்கள் பக்கம் வந்தது. மஞ்சள் கொடி, எங்கள் கம்பெனிக் கொடி. பின்னால் இருபது வெளிநாட்டுக்காரர்கள். கொடியைப் பிடித்திருந்தவள் ராத்ரீ அக்கா, எனக்கு ஆறு வருடம் மூத்த வழிகாட்டி, பாங்காக்கிலேயே பிறந்து வளர்ந்தவள். குடைக்கு அடியில் இருந்ததால் என்னைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பாவாடையும் உமியுமாக நின்ற என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

அம்மாவுக்கு நாலடி தள்ளிக் கூட்டத்தை நிறுத்தி ராத்ரீ அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள்: "நல்ல வேளை, இன்றைக்கு நேரிலேயே காட்டலாம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் புத்தருக்கு நாறும் மீன் என்றால் உயிர். அதனால்தான் அவரை உள்ளே அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறோம். அவர் சாப்பிட்ட வாடை கீழே எங்களுக்கு வராது பாருங்கள்!"

இருபது பேரும் சிரித்தார்கள். இரண்டு பேர் அம்மாவையும் ஜாடியையும் படம் எடுத்தார்கள்.

அந்த நகைச்சுவை என்னுடையது.

நான் கட்டியது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், வெயிலில் வாடிப்போன ஒரு கூட்டத்தை எழுப்புவதற்காகச் சொன்னேன். ஓடியது. தினமும் சொன்னேன். 'உயிர்' என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் சிரிப்பு இன்னும் கூடும் என்று கண்டுபிடித்தேன். ராத்ரீ அக்கா ஒருநாள் பஸ்ஸில், "நான் எடுத்துக்கட்டுமாடி அத?" என்று கேட்டாள். "எடுத்துக்கங்கக்கா," என்றேன் பெருமையாக. நான் நிறுத்துகிற இடத்திலேயே அவளும் சரியாக நிறுத்தினாள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். வத்தியைப் பிடித்த கையாலேயே அவர்களைக் கும்பிட்டாள். மேடையைக் காட்டி, சாப்பிடுங்கள் என்று கையால் சாடை செய்தாள். அதற்கும் சிரித்தார்கள். கொடி நகர்ந்துபோயிற்று.

"என்னடி சொன்னா அந்தப் பொண்ணு? எல்லாரும் என்னமா சந்தோசப்பட்டாங்க!"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் ஒழுங்காக வராது. வந்திருந்தால் வாழ்க்கையில் இன்னும் கொஞ்சம் முன்னேறியிருப்பேன். சொல்லிவிட்டேன், வார்த்தைக்கு வார்த்தை. அது நான் கட்டினது, தினமும் நான் சொல்வது, சொல்லிச் சிரிப்பு வாங்குவது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அம்மா ஜாடியைப் பார்த்தாள். பிறகு சன்னிதிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாறுறது நெசந்தானே," என்றாள். "ஆனா உசரத்துல வச்சது அதுக்கில்ல."

"பின்ன?"

"நாம வந்து திருப்பித் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இறுதியாண்டுக் கட்டுரை அறுபத்திரண்டு பக்கம். மரகதப் புத்தர் லாவோ தலைநகர் வியந்தியானில் எங்கள் லாவோ ஜனங்களோடு இருநூறு வருடத்துக்கு மேல் இருந்ததையும், போரில் தோற்ற அந்த ஊரிலிருந்து எல்லை ஆற்றைக் கடந்து இங்கே வந்ததையும், அதைப் பாடப்புத்தகங்கள் 'கொண்டுவரப்பட்டார்' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதையும் பற்றியது. பேராசிரியர் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, 'கோபம் அதிகம்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நாலாம் வகுப்போடு நின்ற இவளுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது, கோபம்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டுரையை எழுதின கையோடு போய்த்தான் நாறும் மீன் என்று சொல்லி நான் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

"அம்மா, நீ என்னதான் வேண்டினே?" என்று கேட்டேன். "நான் தேறணும்னுதானே?"

"அதுக்கு எவ வேண்டுவா? நீ தேறுவேன்னு எனக்குத் தெரியாதா? மூணு வயசுலயே உப்புப் பாக்கெட்டுல எழுத்துக் கூட்டினவ நீ."

"அப்புறம்?"

அம்மா வத்தியின் சாம்பலைத் தட்டினாள். "ரெண்டாவது வருஷம் மழைக்காலத்துல நாலு நாள் போன எடுக்கல நீ."

அந்த நாலு நாளும் டெங்குக் காய்ச்சலில் அறைக்குள் கிடந்தேன். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. நாலாவது நாள் நியாம் அக்கா கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். போன் ரிப்பேர் என்று அம்மாவிடம் பிறகு சொன்னேன். அவள் நம்பிவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"பஸ்ஸேறி வரலாம்னா நாத்து நட்டுக்கிட்டிருந்த நேரம். உன் அறை எங்கன்னும் தெரியாது. பாங்காக்குல எனக்கு யாரத் தெரியும்? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இவரு ஒருத்தர்தான். நம்ம பக்கத்து ஆளு, அங்க போய் மாட்டிக்கிட்டவரு. வரப்புல நின்னு தென்மேக்காப் பாத்துச் சொன்னேன். ஐயா, என் பொண்ணும் உங்கள மாதிரிதான், அங்க தனியாக் கெடக்கா. படிப்பு முடிஞ்சு அந்தக் காகிதம் கைக்கு வர்ற வரைக்கும் ஒரு கண்ணு வச்சுக்குங்க. உங்களுக்கும் அங்க வாய்க்கு ருசியா யாரு குடுக்கப் போறா? அவ கையாலயே நம்ம ஊர்ச் சாப்பாடு குடுத்தனுப்புறேன்னு. அவ்வளவுதான்டி. மார்க் கீக் எதுவும் கேக்கல."

வத்தி பாதிக்கு மேல் எரிந்துவிட்டிருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். மண்டி போட்டேன், தையல் போட்ட முழங்கால் வலித்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தேன். ஜாடியை இரண்டு கையாலும் எடுத்து, முட்டைகளுக்கு முன்னால் வைத்தேன். பாங்காக் பேச்சில் சொல்ல வேண்டிய சுலோகம் எனக்கு மனப்பாடம், தினமும் மொழிபெயர்க்கிறேன். அதைச் சொல்லவில்லை. லாவோ பேச்சில்தான் சொன்னேன், மனசுக்குள்:

'பட்டம் என்னுது. அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது. கதவ உடைச்சதும் நீங்க இல்ல, பக்கத்து அறை நியாம் அக்கா. அத நான் விட்டுக்குடுக்கமாட்டேன். நாறும் மீன்னு சொன்னது தப்பு, இனி சொல்லமாட்டேன். இது ஊர்ல இருந்து வந்திருக்கு. ஒம்பது மாசம் ஊறினது. சாப்பிடுங்க.'

பிறகு தட்டு கழுவுகிறவள் மாதிரி விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஒழுங்காச் சொன்னியா?"

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வத்தி எரிந்து முடிகிற வரைக்கும் படையலை எடுக்கக் கூடாது, அவர் சாப்பிடுகிற நேரம் அது. அதனால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சன்னிதிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தோம். பாதம் அவர் பக்கம் நீளாமல் காலைப் பின்னால் மடித்துக்கொண்டோம். ஒரு முழமும் கொஞ்சமும்தான் இருப்பார். தங்க அடுக்குகளின் உச்சியில், மழைக்கால உடுப்பில், கூரைக்குப் பக்கத்தில் சின்னப் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தார். தினமும் இங்கே என் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்: யார் காலை நீட்டுகிறான், யார் திருட்டுத்தனமாகப் படமெடுக்கிறான் என்று. அன்றைக்குத்தான் மேலே பார்த்தேன். அம்மா சொன்னது சரி. ஏணி போட்டால்கூட எட்டாது.

"எளைச்சுட்டாரா?" என்று கிசுகிசுத்தேன்.

"நான் எப்ப முன்ன பாத்தேன்?" என்றாள் அம்மா. "உன்ன மாதிரிதான் இருக்காரு. மூஞ்சில ஒண்ணும் தெரியல."

வெளியே வந்து, விடைபெறுகிற வார்த்தையைச் சொல்லிப் படையலை எடுத்தோம். எடுத்ததைப் பங்கு போட்டே ஆக வேண்டும். மேடைப் பெண்ணுக்கு ஐந்து. வாசல் காவலருக்கு நாலு. கும்பிட வந்தவர்களுக்கெல்லாம் கைக்கு ஒன்று. நிழலில் கொடியை மடக்கிக்கொண்டிருந்த ராத்ரீ அக்காவிடம் அம்மாவே போய் இரண்டை நீட்டினாள். அக்கா கும்பிட்டு வாங்கிக்கொண்டு, பின்னால் வந்த என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"லா? இது..."

"எங்கம்மா."

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ. எனக்குத் தெரியாதுடி."

"எனக்கும் தெரியாதுக்கா. அந்த ஜோக்க நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

"திருப்பி வாங்கறதா? அப்ப அந்த எடத்துல நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாம ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நீங்க நல்லா நிறுத்துறீங்க."

அவளுக்கு அது குத்தலா, பாராட்டா என்று புரியவில்லை. இரண்டும்தான். அவரை உயரத்தில் வைத்ததற்கு அம்மா சொன்ன காரணத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அதை எந்தக் கூட்டத்துக்கும் சொல்லப்போவதில்லை.

புன்மிக்குப் பத்து முட்டையும், ஒரு பாலித்தீன் பையில் இரண்டு கரண்டி பாடேக்கும் போயிற்று. அவன் பையைக் கட்டியபடியே, "மேடம்! மேடம்! பேலஸ் குளோஸ்!" என்று அடுத்த ஆளின் பின்னால் ஓடினான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலரை மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். வெறும் வாளியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவள், "ஜாடிய என்னடி பண்ணப் போறே? அறையில வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குங்கிறியே?" என்று கேட்டாள்.

"பாத்துக்கறேன், நீ போ."

திரும்பும் படகில் ஜாடியை என் மடியில் வைத்துக்கொண்டேன். இந்த முறையும் நாலு இருக்கை காலியாயிற்று. நான் காலை அகட்டி வசதியாக உட்கார்ந்தேன்.

நியாம் அக்கா வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் கதவில் இன்றைக்கும் புதுத் தாழ்ப்பாள் இருக்கிறது. என் உடைந்த கதவுக்கு அவள் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி மாட்டிவிட்டு, தனக்கு வேறொன்றைப் பிறகு வாங்கினாள். ஒன்பது முட்டையையும், கிண்ணம் நிறைய பாடேக்கையும் நீட்டினேன்.

"காலையிலயும் நாத்தம், சாயங்காலமும் நாத்தமா?" பாடேக் பழக்கமில்லாத தெற்கத்திக்காரி, கிண்ணத்தை மோந்து முகத்தைச் சுளித்தாள். ஆனால் கிண்ணத்தை விடவில்லை. "என்னடி விசேஷம்?"

"கதவ உடைச்சீங்கல்ல, அதுக்கு."

"எந்தக் கதவு?"

"என் கதவுக்கா. ரெண்டாவது வருஷம்."

"அதுக்கா?" சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு முட்டையைச் சுவரில் தட்டினாள். "அதுக்குப் போய் இவ்வளவு நாள் கழிச்சு வர்றே? உப்பு கொண்டா போ."

நான் உப்பு எடுக்கப் போனேன்.